இயந்திரத்துக்கு முன் எடை: வளரும் நாட்டு நகராட்சிகள் குப்பை குறித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் நகராட்சி உறுப்பினர்களும், இங்கிருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் சங்கத்தாரும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: சிங்கப்பூரின் துவாஸில் உள்ளதைப் போன்ற குப்பை எரியுலை ஒன்றை நம் ஊரில் வைத்தால் என்ன? கேள்வியில் தவறில்லை, ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சிங்கப்பூரின் கதையை ஆண்டுவாரியாகப் பார்த்தாலே இது தெரியும். சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டமும் சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கமும் வந்தது 1968இல். முதல் எரியுலை உலு பாண்டானில் இயங்கத் தொடங்கியது 1979இல். தெருவோர உணவுக் கடைகளையெல்லாம் உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவரும் பணி 1986இல்தான் முடிந்தது. லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடப்பட்டு, செமாக்காவ் தீவின் நிரப்பிடம் (குப்பையை முறைப்படி புதைக்கும் இடம்) திறக்கப்பட்டது 1999இல். சட்டம், அன்றாடச் சேகரிப்பு, கட்டணம், அபராதம் ஆகியவை ஓரளவு ஊன்றிய பிறகே உலை வந்தது. வருபவர்களின் கண்ணில் படுவது உலை மட்டும்தான், அதற்கு முந்தைய பத்தாண்டு உழைப்பு எந்தச் சுற்றுலாவிலும் தென்படுவதில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி எந்த இயந்திரத்தையும் பரிந்துரைக்கவில்லை. ஒரு லட்சம் பேர் வாழும் நகரம் ஒன்று, எந்த வரிசையில் எதை அளந்து, யாரிடம் கேட்டு, எப்படி முடிவுக்கு வர வேண்டும் என்பதையே இது சொல்கிறது.

முதல் படி: கேள்வியைத் திருத்தி எழுதுதல்

நகராட்சித் தீர்மானங்கள் பல, “உரக்கூடம் அமைப்பது குறித்து”, “எரிசக்தி ஆலை அமைப்பது குறித்து” என்றே தொடங்குகின்றன. விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடுவதால் வரும் கோளாறு இது. தீர்மானத்தின் முதல் வரியில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: எந்த எல்லைக்குள் உருவாகும் குப்பை, எத்தனை ஆண்டுகளுக்கான திட்டம், எந்தத் தீங்கைக் குறைப்பது முதல் நோக்கம். டெங்கியும் கால்வாய் அடைப்பும் முதல் கவலையாக உள்ள ஊருக்குச் சேகரிப்பே முதல் வேலை. குப்பைமேடு கிணறுகளைக் கெடுக்கும் ஊருக்கு அந்த மேடே முதல் வேலை. உலக வங்கி 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, வருமானம் குறைந்த நாடுகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டுக் குப்பையே சேகரிக்கப்படுகிறது. எஞ்சியது தெருவிலும் ஓடையிலும் கிடக்கும்போது ஆலை கட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாம் படி: எடையும் கூறும்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், பெரும்பாலும் ஒரே பிற்பகலில் முடித்துவிடுவதும் இதைத்தான். “நாளொன்றுக்கு 60 டன்” என்று நகராட்சிக் கோப்பில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். லாரிகளின் எண்ணிக்கையை லாரியின் கொள்ளளவால் பெருக்கி எழுதியதாகவே பெரும்பாலும் இருக்கும். பாதி நிரம்பிய லாரியும் மழையில் நனைந்த லாரியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

எடைமேடை இல்லாத ஊரில், நெல் மண்டிக்கோ கல் குவாரிக்கோ உரிய எடைமேடையை வாடகைக்கு எடுக்கலாம். தொடர்ந்து 7 நாட்கள் ஒவ்வொரு வண்டியையும் நிறைவாகவும் வெறுமையாகவும் எடை போட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என இரண்டு சுற்றாவது வேண்டும். தீபாவளி, பொங்கல் வாரங்களையும் முகூர்த்த நாட்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபங்களிலிருந்து ஒரே காலையில் வந்து குவியும் வாழை இலை, அந்த வாரத்தின் சராசரியையே மாற்றிவிடும்.

வீடுகளில் உருவாகும் அளவை அறிய, வசதியான தெரு, நடுத்தரத் தெரு, குடிசைப் பகுதி என மூன்று வகையிலும் சில வீடுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணிட்ட பைகள் கொடுத்து, 8 நாட்கள் எடை போடுங்கள். முதல் நாள் எடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது எத்தனை நாள் தேங்கிய குப்பை என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது கூறு பிரித்தல். சிமெண்டுத் தரையிலோ தார்ப்பாயிலோ ஒரு வண்டிக் குப்பையைக் கொட்டி, மண்வெட்டியால் நன்கு கலந்து, வட்டக் குவியலாக்கி, நான்கு பாகங்களாகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டை ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டை மறுபடியும் கலந்து மறுபடியும் பிரியுங்கள். சுமார் 100 கிலோ எஞ்சும்வரை இதையே தொடர வேண்டும். பிறகு கையுறையும் காலணியும் அணிந்த நான்கு பேர் அமர்ந்து உணவுக்கழிவு, இலைதழை, காகிதம், தடித்த பிளாஸ்டிக், மெல்லிய பிளாஸ்டிக் உறை, துணி, கண்ணாடி, உலோகம், அணையாடை, ஊசி போன்ற ஆபத்தானவை என்று தனித்தனி வாளிகளில் போட வேண்டும். கடைசியில் தரையில் தங்குவதைத் துடைப்பத்தால் கூட்டி, அதையும் எடை போடுங்கள். அந்த மண்ணும் சாம்பலும் கால்வாய் வண்டலும் சேர்ந்து நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோ தேறினால் வியப்பில்லை. அது மக்காது, எரியாது, விலை போகாது. அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு எந்த ஆலையின் விளம்பரத் தாளிலும் பதில் இருக்காது.

ஈரப்பதத்தையும் அளவிட வேண்டும். ஒரு கிலோ மாதிரியை 105 டிகிரி செல்சியஸில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தினால் போதும். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகம் இதைச் செய்து தரும். அடர்த்தியை அறிய, கொள்ளளவு தெரிந்த பீப்பாய் ஒன்றில் குப்பையை நிரப்பி, இரண்டு மூன்று முறை தரையில் தட்டி எடை போடலாம். நம் பக்கத்துக் குப்பை ஒரு கன மீட்டருக்கு 250 முதல் 500 கிலோவரை இருக்கும். பணக்கார நாடுகளில் அது 100 முதல் 170 கிலோ அளவில்தான் இருக்கும். காற்றும் அட்டைப்பெட்டியும் நிறைந்த அந்தக் குப்பைக்காக உருவான அமுக்கு லாரியை இங்கே வாங்கினால், ஏற்கெனவே கனமாக இருக்கும் ஈரக் குப்பையைப் பிழிந்து அதன் சாற்றைத் தெருவெல்லாம் ஒழுகவிடும் வேலையைத்தான் அது செய்யும்.

மூன்றாம் படி: இப்போது யார் எடுத்துச் செல்கிறார்கள்?

இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் பழைய செய்தித்தாளும் வானொலிப் பெட்டியும் வாங்கிப் போகும் காராங்குனிக்காரரைப் போலவே, ஒவ்வோர் ஊரிலும் காயலான் கடைக்காரரும், அவருக்குப் பொறுக்கிக் கொடுப்பவர்களும், மீந்த உணவை வாங்கிச் செல்லும் பன்றிப் பண்ணைக்காரரும் இருக்கிறார்கள். நகராட்சிக்கு ஒரு காசு செலவில்லாமல் அவர்கள் எவ்வளவு எடையை எடுத்துச் செல்கிறார்கள் என்பதை, காயலான் கடைகளின் வாராந்திரக் கொள்முதலைக் கேட்டு அறியுங்கள். புனேயில் 1993இல் சங்கமாகத் திரண்ட குப்பை பொறுக்குவோர், பின்னர் ஸ்வச் என்ற கூட்டுறவை அமைத்து, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகச் சேகரிப்பவர்களானார்கள். புதிய ஒப்பந்ததாரர் வந்து இவர்களை வெளியேற்றினால், இலவசமாக நடந்த மறுசுழற்சிக்கு நகராட்சி இனிப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த இழப்பு விரிவான திட்ட அறிக்கைகளில் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: பொருந்தாதவற்றைச் சலித்துத் தள்ளுதல்

கையில் எண்கள் வந்த பிறகு, பாதித் தேர்வுகள் தாமாகவே விழுந்துவிடும். எரியுலையை எடுத்துக்கொள்வோம். உலக வங்கி 1999இல் முடிவெடுப்போருக்காக வகுத்த அளவுகோல்படி, குப்பை எரியும்போது தரும் நிகர வெப்பம் ஆண்டுச் சராசரியில் கிலோவுக்கு 7 மெகாஜூல் ஆவது இருக்க வேண்டும். எந்தப் பருவத்திலும் 6க்குக் கீழே போகக் கூடாது. ஆண்டுக்கு 50,000 டன்னாவது வர வேண்டும். ஒரு லட்சம் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 40 டன், ஆண்டுக்கு 14,600 டன். அளவிலேயே தேறவில்லை. வெப்பத்தைப் பார்த்தால், ஒரு கிலோவில் பாதி தண்ணீர் என்ற நிலையில், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 1.2 மெகாஜூல் போய்விடும். தில்லி திமர்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரிக்கக் கட்டிய ஆலை இந்தக் கணக்கில்தான் தோற்றது. கிலோவுக்கு 1,462 கிலோகலோரி வேண்டும் என்று வடிவமைத்திருந்தார்கள், வந்த குப்பையில் ஏறத்தாழ அதில் பாதிதான் இருந்தது. சில வாரங்களிலேயே ஆலை நின்றது. பழுது உலையில் இல்லை, அடுப்பில் வைக்கும் முன்னே விறகு காய்ந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

உரமாக்கலுக்கும் நிபந்தனைகள் உண்டு. மக்கும் கழிவு வீட்டிலேயே தனியாகப் பிரிக்கப்பட்டு வந்தால், கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 அல்லது 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் அமையும்படி இலைச்சருகு கலந்து, குவியலின் உள்ளே சூடு 55 டிகிரியைத் தொட்டுச் சில நாட்கள் நிலைக்கும்படி பார்த்துக்கொண்டால் நல்ல உரம் கிடைக்கும். கலந்த குப்பையை இயந்திரத்தில் சலித்து எடுக்கும் உரத்தில் கண்ணாடித் துகளும் பிளாஸ்டிக் துணுக்கும் மின்கலத்தின் கன உலோகமும் வந்துவிடும். அதை ஒரு முறை வயலில் போட்ட விவசாயி மறுமுறை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். சாண எரிவாயு போன்ற முறைக்கு இன்னும் தூய கழிவு வேண்டும். காய்கறிச் சந்தையும் உணவகங்களும் அருகருகே உள்ள ஊருக்கு அது நன்றாகப் பொருந்தும், பரந்து கிடக்கும் ஊருக்குப் பொருந்தாது.

நிரப்பிடம் இல்லாத திட்டம் என்று எதுவும் கிடையாது. உலையில் எரித்துக் குப்பையின் கன அளவை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைக்கும் சிங்கப்பூருக்கே, சாம்பலைக் கொண்டுபோய்ப் போட செமாக்காவ் வேண்டியிருக்கிறது. அதுவும் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்பதே அதிகாரபூர்வக் கணிப்பு. “குப்பையே மிஞ்சாது” என்று எழுதித் தரும் நிறுவனத்தின் ஏலப்புள்ளியை அந்த ஒரு வரிக்காகவே ஒதுக்கலாம்.

பிரித்தல் பற்றி ஒன்று. இந்த விஷயத்தில் சிங்கப்பூர் முன்மாதிரி இல்லை. அடுக்குமாடியில் எல்லாவற்றையும் ஒரே குப்பைக் குழாயில் போட்டுவிடும் வசதியே பிரிக்கும் பழக்கத்துக்குத் தடை. இங்கே வீட்டுக் குப்பையின் மறுசுழற்சி விகிதம் 2018இல் 22 விழுக்காடாக இருந்து, 2023இல் 12க்கு இறங்கியது. மறுசுழற்சிக்கென வைத்த நீல நிறத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதது. வாசலில் வந்து நின்று, மக்கும் குப்பை எது மக்காத குப்பை எது என்று முகத்தைப் பார்த்துக் கேட்கும் தூய்மைப் பணியாளர் உள்ள ஊர், இந்த ஒன்றில் நம்மைவிட முன்னே நிற்கிறது. தொட்டி வைத்துவிட்டு அந்த ஆளை நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: மாதாமாதம் யார் கொடுப்பது?

ஆலை கட்ட மானியம் கிடைக்கும், ஓட்டக் கிடைக்காது. வருமானம் குறைந்த நாடுகளின் நகராட்சிகளில் குப்பைச் செலவு பட்ஜெட்டில் சராசரியாக 20 விழுக்காட்டை விழுங்குகிறது. அதில் பெரும்பகுதி சேகரிப்புக்கும் ஏற்றிச் செல்வதற்கும் போகிறது. மேலே சொன்ன 40 டன் ஊரில் ஒரு டன்னுக்கு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 80,000, ஆண்டுக்கு 2 கோடியே 92 லட்சம். 25,000 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு மாதம் சுமார் 97 ரூபாய். இந்த எண்ணை மன்றக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். வீட்டுக்காரர் எவ்வளவு கொடுப்பார், கடைகளும் மண்டபங்களும் எவ்வளவு கொடுக்கும், மீதிக்கு எந்த வரி என்று எழுத முடியாவிட்டால், அந்தத் திட்டம் மூன்றாம் ஆண்டில் டீசல் இல்லாமல் நிற்கும். சிங்கப்பூரில் குப்பைக் கட்டணம் மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களோடு ஒரே ரசீதில் வருவதால் வசூல் தனிப் போராட்டமாக இல்லை. இதைப் பார்த்துச் செய்ய ஊருக்கு உலை வேண்டியதில்லை.

ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு சொல்: திறப்பு விழாவில் பெயர்ப் பலகை வைக்க இயந்திரம்தான் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடைமேடைக்கும் ஓராண்டு அளவீட்டுக்கும் கொடுத்த நன்கொடை, அதைவிடப் பல மடங்கு பெரிய தவறான செலவைத் தடுக்கும்.

ஆறாம் படி: மதிப்பெண் அட்டவணை

சலித்த பிறகு இரண்டு மூன்று தேர்வுகள் எஞ்சும். அவற்றை ஒப்பிடப் பல அளவுகோல் முறை பயன்படும். ஆனால் எந்த அளவுகோலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று காட்டும் எடைமானங்கள் சற்று மாறினாலே முடிவும் மாறிவிடும் என்பதால், சூத்திரத்தை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. கற்பனையாக இரண்டு தேர்வுகளைப் பாருங்கள். முதலாவது, எல்லாவற்றையும் தொலைவிலுள்ள ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்பது. இரண்டாவது, வார்டு தோறும் உரக்கூடம், உலர் கழிவுக்கு ஒரு மையம், மிச்சத்துக்குச் சிறு நிரப்பிடம். செலவு, சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு, நடத்தும் எளிமை ஆகியவற்றில் பத்துக்கு முறையே முதலாவதற்கு 8, 3, 3, 8 என்றும் இரண்டாவதற்கு 5, 8, 8, 5 என்றும் போடுகிறோம். எடைமானம் 40, 30, 15, 15 என்று வைத்துப் பெருக்கிக் கூட்டினால் முதலாவது 575, இரண்டாவது 635. எடைமானத்தை 60, 15, 5, 20 என்று மாற்றினால் முதலாவது 700, இரண்டாவது 560. மதிப்பெண்ணில் ஒன்றைக்கூடத் தொடாமலே வெற்றியாளர் மாறிவிட்டார்.

ஆகவே மதிப்பெண் போடுவதற்கு முன்பே எடைமானத்தை முடிவு செய்து, கையெழுத்திட்டு, பொதுவில் வையுங்கள். பொறியாளர், கணக்காளர், தூய்மைப் பணியாளர், குப்பைமேட்டுக்கு அருகில் குடியிருப்போர், மகளிர் சுய உதவிக் குழு ஆகிய ஒவ்வொரு தரப்பின் எடைமானத்தையும் தனித்தனியே வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். எல்லா எடைமானங்களிலும் ஒரே தேர்வு முன்னால் வந்தால் நிம்மதி. வராவிட்டால், எந்தக் கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்க வேண்டும் என்பதாவது தெரியும். இன்னொன்று, சில அளவுகோல்களை மதிப்பெண்ணுக்கே கொண்டுவரக் கூடாது. குப்பையிலிருந்து வடியும் கசிவுநீர் குடிநீர்க் கிணற்றில் இறங்கும் இடம் என்றால், மலிவு என்பதற்காக அதற்கு வேறு அளவுகோலில் ஈடு கொடுக்க முடியாது. அதை நான்காம் படியிலேயே நீக்கியிருக்க வேண்டும்.

ஏழாம் படி: இடமும் அயலாரும்

கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய மாதம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கோஷே குப்பைமேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே மேடு இருக்கும் ஊரில், புதிய திட்டம் எதுவானாலும், உயரத்துக்கும் சரிவுக்கும் வரம்பு விதிப்பதும், மழைநீரை மேட்டுக்குள் இறங்கவிடாமல் திருப்புவதும், மண் மூடுவதும் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டியவை. அவற்றுக்கு ஆலோசனை அறிக்கை தேவையில்லை.

அயலாரைக் கேட்காமல் எடுத்த முடிவு சட்டப்படி சரியாக இருந்தாலும் நிலைக்காது. திருவனந்தபுரத்தின் விளப்பில்சாலை ஆலையை அவ்வூரார் போராடி 2011 இறுதியில் மூடவைத்தார்கள். ஆலப்புழையின் குப்பையைச் சர்வோதயபுரத்தார் 2012இல் தடுத்தார்கள். ஆலப்புழை அதன்பின் வீட்டு எரிவாயுக் கலன்களுக்கும் தெருமுனை உரத்தொட்டிகளுக்கும் மாறி, 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் பாராட்டைப் பெற்றது. நமக்குப் பக்கத்தில் இந்தோனேசியாவில் உள்ள சுராபாயா, 2004 முதல் ஜப்பானின் கித்தாக்யூஷு நகரின் துணையோடு வீட்டுக்கூடை உரமாக்கலைத் தெருத்தெருவாகப் பரப்பியது. அதைக் கொண்டுசென்றவர்கள் அந்தந்தத் தெருப் பெண்கள்.

எட்டாம் படி: ஒப்பந்தமும் மறுபார்வையும்

முதலில் ஒரு வார்டில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களில் கண் வைக்க வேண்டும். எடைக்குப் பணம் என்று மட்டும் எழுதினால் கட்டட இடிபாடும் கால்வாய் வண்டலும் லாரியில் ஏறும், பிரித்துக் குறைத்த ஊருக்கு நட்டமும் வரும். ஆகவே சேவை பெற்ற வீடுகளின் எண்ணிக்கைக்கும் பிரித்து வந்த தரத்துக்கும் ஒரு பகுதிப் பணத்தை வையுங்கள். இரண்டாவது, நாள்தோறும் இத்தனை டன் தருவோம், தராவிட்டாலும் பணம் கட்டுவோம் என்ற உறுதிமொழி. இருபது ஆண்டுக்கு அப்படிக் கையெழுத்திட்ட நகராட்சி, அதன்பின் குப்பையைக் குறைக்கும் எந்த முயற்சிக்கும் தானே எதிரியாகிவிடும்.

ஆண்டுதோறும் இரண்டாம் படியின் அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் எந்தத் தேர்வை மீண்டும் பரிசீலிக்கலாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவையுங்கள். பல ஊர்கள் சேர்ந்து நாளுக்கு 140 டன்னைத் தாண்டி, உலர்ந்த மிச்சத்தின் வெப்பமும் தொடர்ந்து 7 மெகாஜூலுக்கு மேல் நின்றால், எரிப்பதைப் பற்றி அப்போது பேசுவதில் பொருள் இருக்கும். நிரப்பிடத்துக்கு, உள்ளே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சிறு தொகையை மூடிய பின் செய்யும் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டும். கசிவுநீரும் மீத்தேனும் மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கிலிருந்து மன்றம் வேறு செலவுக்குப் பணம் எடுக்க முடியாதபடி, யாருடைய கையெழுத்தில் எதற்கு எடுக்கலாம் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும்.